ஸ்கிரிப்டுக்கு நான் சொல்லிக் கொடுத்த ரெண்டு வார்த்தை

புதுசா வேலைக்குச் சேர்ந்த உங்க அஞ்சு பேருக்கும் எதாவது எழுதிக் குடுங்கன்னு நம்ம ஆபீஸ்ல கேட்டாங்க. ரெண்டு தடவை தட்டிக் கழிச்சேன். மூணாவது தடவை பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல எங்க ஊட்டுக்கே ஆளை அனுப்பிட்டாங்க. ஊடு தேடி வந்தவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிங்க சொல்றது? அதனால எழுதறேன். மனசில்லாமத்தான் எழுதறேன், அதையும் முதல்லயே சொல்லிப்போடறேன்.

ஸ்கிரிப்ட் எழுதறதுக்கு என்கிட்ட நீங்க கத்துக்க ஒன்னுமில்லை, கண்ணுகளா. எந்தக் கம்ப்யூட்டர்ல என்ன பிராசசர், எத்தனை ராம், டிஸ்க் எவ்வளவு, சீரியல் நம்பர் என்னன்னு நெட்வொர்க் வழியாவே கேட்டு வாங்கற ஸ்கிரிப்டை நான் பவர்ஷெல்ல எழுதி முடிக்க மூணு வாரம் ஆச்சு. இன்னைக்கு நீங்க ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சாட்பாட் எழுதிக் குடுத்துருது. என்னோடதை விட நல்லாவும் இருக்குது. அதுல எனக்குப் பொறாமை இல்லைங்க, அலுப்புத்தான். முப்பத்தொரு வருஷம் மெஷின்கிட்டயே கேள்வி கேட்டுட்டு இருந்தேன். ஒரு மனுசிகிட்டக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேக்காம விட்டேன். அதைத்தான் எழுதப் போறேன்.

நீங்க இன்னும் மலைக்குப் போயிருக்க மாட்டீங்க. நம்ம தலைமை ஆபீஸ் பாலக்காட்டுல. தேயிலை லாரி வந்து நிக்கற டிப்போ வாளையார்ல. அஞ்சு எஸ்டேட்டும் மேல, சித்திரபுரத்தைச் சுத்தி. அத்தனைக்கும் கம்ப்யூட்டர் ஆள்னா அப்போ நான் ஒருத்தன்தான். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர்னு பஸ் மாறி மாறி மேல போய்ச் சேர ஒரு பகல் முழுசும் போயிரும். இறங்கறப்போ முதுகு நம்ம முதுகா இருக்காது. உண்மையச் சொன்னா, அந்தப் பஸ்ஸுக்குப் பயந்துதான் நான் ஸ்கிரிப்டே எழுதினேன். உக்காந்த இடத்துல இருந்தே மலை மேல இருக்கற பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்துக்கலாம்னு ஒரு சோம்பேறித்தனம்.

அது சரிப்பட்டு வராதுன்னு வாளையார்லயே எனக்குப் பாடம் கிடைச்சுது. டிப்போ மெஷின் ஒன்னு திங்கக்கிழமை எட்டு ஜிபி ராம்னு சொல்லும். புதன்கிழமை நாலுங்கும். வெள்ளிக்கிழமை மறுபடி எட்டு. எவனோ ராம் துண்டைக் கழட்டிக் கழட்டி மாட்டி வெளையாடறான்னு கோவமாப் போய் நின்னேன். டிப்போ கிளார்க் சாவகாசமா வெத்தலையை அதக்கிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, நாலுங்குதுங்களா? ரோட்டுல பெரிய லாரி போனா மேசை ஆடுமுங்க. உள்ள இருக்கற துண்டு லொடலொடன்னு கழண்டுக்குமுங்க. ஆஃப் பண்ணி, ஒரு அமுக்கு அமுக்கிப் போட்டா எட்டு ஆயிருமுங்க." சிரிச்சுட்டு வந்துட்டேன். மெஷின் பொய் சொல்லலை, ஆனா நடந்ததையும் சொல்லலைன்னு அன்னிக்கு ஒரு நிமிசம் ரோசனை பண்ணியிருக்கோணும். பண்ணலை.

என் ரிட்டயர்மெண்டுக்கு ஆறு மாசம் இருக்கறப்போ பாலக்காட்டு ஆபீஸ்ல புதுசா ஒரு நிர்வாக மேனேஜர் வந்தார். மலையாளி. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். எல்லாம் தாள்ல ஒத்துப் போகோணும்னு நெனைக்கறவர், அவ்வளவுதான். கம்பெனி வாங்கின கம்ப்யூட்டர் லிஸ்ட்டும் இப்ப ஓடிட்டு இருக்கற கம்ப்யூட்டர் லிஸ்ட்டும் ஒத்துப் போகுதான்னு பார்த்துக் குடுங்கன்னார். அதுக்கென்னங்க சார், ஸ்கிரிப்ட் இருக்குதேன்னேன். பெருமை!

ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மெஷினோட மதர்போர்டுகிட்டயும் சீரியல் நம்பர் கேட்கும். அந்த நம்பர் நம்ம ரிஜிஸ்டர்ல இருந்தா 'ஓகே'ன்னு போடும். இல்லாட்டி? இல்லாட்டி என்ன போடறதுன்னு நான் பெருசா யோசிக்கவேயில்லைங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாய் புளிச்சுதோ மாங்கா புளிச்சுதோன்னு ரெண்டு வார்த்தையத் தட்டிவிட்டேன்: 'நாட் அவர்ஸ்'. நம்மளுது இல்லை. எது யாருதுன்னு மெஷினுக்கு என்னங்க தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது ஒரு நம்பர். அந்த நம்பர் நம்ம லிஸ்ட்ல இல்லை, அவ்வளவுதான் விசயம். 'நம்பர் பொருந்தலை'ன்னு எழுதியிருக்கலாம். 'நேர்ல போய்ப் பாருங்க'ன்னு எழுதியிருந்தா இன்னும் நல்லது. நான் தீர்ப்பே எழுதிட்டேன். அதுவும் செவப்பு எழுத்துல வர்ற மாதிரி.

ரிப்போர்ட் வந்துச்சு. நாலு எஸ்டேட்டும் டிப்போவும் சுத்தம். சித்திரபுரத்துக்குக் கீழ இருக்கற ஒரு எஸ்டேட்ல மட்டும் ஏழு செவப்பு வரி. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல, தயாரிக்கறவங்க இனிமேல்தான் நிரப்பணும்னு ஒரு வரியை இங்கிலீஷ்ல அந்த ஏழும் திருப்பிச் சொல்லுச்சுங்க. கடையில தனியா விக்கற மதர்போர்டு பலதும் அப்படித்தான் சொல்லும். நம்பர் பதிக்காமலே வித்துருவாங்க. இன்னொரு பக்கம், ரிஜிஸ்டர்ல இருந்த ஏழு நல்ல கம்பெனி மெஷினோட நம்பரை எங்கயும் காணோம். ஏழு காணோம், ஏழு நம்மளுது இல்லை. அப்படியே அனுப்பிப்போட்டேன். மேனேஜர் போன் பண்ணிப் பாராட்டினார். நானும் நல்லாத் தூங்கினேன்.

அந்த எஸ்டேட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் ஸ்டாக் பூரா எஸ்தர்ங்கற கிளார்க் பொண்ணு பேர்ல இருந்துச்சு. வருஷா வருஷம் எண்ணிப் பார்த்து ஒப்புப் போடறது அந்தப் பொண்ணுதான். அம்மா அதே எஸ்டேட்ல கொழுந்து எடுக்கறவங்க. தொழிலாளிங்க வரிசை ஊடுங்க இருக்கற லயத்துல பொறந்து, அங்கயே வளந்து, படிச்சு, ஆபீஸ் நாற்காலியில உக்காந்த முதல் பொண்ணு எஸ்தர். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் ஊடு கிடைச்சதும் அம்மாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிச்சு. என் ரிப்போர்ட் போன மறு வாரம் அந்தப் பொண்ணை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

பெட்டிய எண்ணிப் பார்த்தா எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. அது இன்னும் மோசமாப் போச்சுங்க. நல்லதை வெளிய வித்துட்டு, எங்கயோ ஓட்டைப் பெட்டி ஏழு வாங்கி வெச்சுட்டாள்னு கதை கட்ட அது வசதியாப் போச்சு. பெட்டி மேல ஒட்டியிருக்கற சீரியல் ஸ்டிக்கரைப் பார்த்தாத் தீர்ந்துதேன்னு நீங்க கேப்பீங்க. கேக்கோணும். அங்கதான் ஒரு கூத்து. எஸ்டேட்ல ஆயுத பூஜைன்னா இந்து கிறிஸ்டியன்னு எல்லாம் கெடையாது. கொழுந்து அரைக்கற ரோலர்ல இருந்து ஆபீஸ் ஸ்டேப்ளர் வரைக்கும் மண்ணெண்ணெய்த் துணியாலத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுருவாங்க. கம்ப்யூட்டரும் மெஷின்தானே? வருஷா வருஷம் துடைச்சுத் துடைச்சு ஸ்டிக்கர்ல ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை. வெறும் வெள்ளைத் தாள், அது மேல ஒரு சந்தனப் பொட்டு.

சஸ்பெண்ட் ஆகி நாலாவது நாள் மேனேஜர் எனக்குப் போன் பண்ணினார்.

"அந்தப் பெண்ணு சொல்லுது, அஞ்சு வருஷம் முன்னே இடி விழுந்த சமயம் நீங்க வந்து உள்ளே ஏதோ மாத்தினீங்கன்னு. அது சரியா?"

ஐப்பசி மாசத்துல மலையில விழற இடி உங்களுக்குத் தெரியாதுங்க. போன் லைன், கரண்ட் லைன்னு எது வழியாவாவது உள்ள வந்து மதர்போர்டைக் கருக்கிப் போட்டுரும். புதுப் பெட்டி வாங்க மாட்டாங்க. கோயமுத்தூர்ல மொத்தமா வாங்கி வெச்சிருக்கற போர்டுல ஒன்னை எடுத்துட்டுப் போய் மாத்திட்டு வர வேண்டியது. எத்தனையோ மாத்தியிருக்கேன். ஒவ்வொன்னையும் நீளமான ஒரு நோட்டுல எழுதி வெப்பேன். ஊருக்கு வந்ததும் அதைப் பார்த்து, நம்பர் இல்லாத போர்டுன்னா அந்த மெஷினுக்கு நேரா அதையும் குறிச்சு, ரிஜிஸ்டரைத் திருத்துவேன். அது என் வழக்கம். மேனேஜர் லைன்ல இருக்கறப்பவே நோட்டைப் புரட்டினேன். அந்த வருஷம், அந்த எஸ்டேட், ஒரு வரிகூட இல்லை.

"நோட்ல இல்லீங்க சார். நோட்ல எழுதாத வேலை நான் செய்யறதில்லை" அப்படின்னேன்.

"மதி. அது போதும்" அப்படின்னு மலையாளத்துல ஒரு தடவை, தமிழ்ல ஒரு தடவை சொல்லிப்போட்டு வெச்சுட்டார்.

இங்க கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு, "ஏம்மிணி, எந்த மழை, என்ன மாத்தினேன், கொஞ்சம் சொல்லு"ன்னு கேட்டிருந்தா ரெண்டு நிமிச வேலை. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, யாருக்கும் பயமும் கெடையாது. சும்மா அலுப்பு. இதுக்கு வேற ஒரு பஸ் ஏறோணுமா, பழைய கதையக் கிளறோணுமான்னு ஒரு அலுப்பு. நம்ம தொழில்ல கெட்ட எண்ணத்தால நடக்கற தப்பை விட அலுப்பால நடக்கற தப்பு ஜாஸ்திங்க. என் அனுபவத்துல அப்படித்தான்.

ரெண்டு வாரம் கழிச்சு எஸ்டேட் ஆபீஸ்ல வெச்சே அன்வேஷணம். விசாரணையத்தான் அங்க அப்படிச் சொல்லுவாங்க. என்னையும் சாட்சியா வரச் சொன்னாங்க. போய்ச் சேந்தப்போ இடுப்பு விட்டுப் போச்சு. மேனேஜர் மேசைக்குப் பின்னாடி. எஸ்தர் சுவர் ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. உக்காருன்னு யாரும் சொல்லலை. நானும் சொல்லலை. ஸ்கிரிப்டை எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. ஓட்டினேன். டகடகன்னு ஏழு வரியும் செவப்பா வந்து விழுந்துச்சு. நாட் அவர்ஸ், நாட் அவர்ஸ், நாட் அவர்ஸ்.

"இனி என்ன சொல்லணும்?" அப்படின்னார் மேனேஜர் அந்தப் பொண்ணைப் பார்த்து.

எஸ்தர் என்னைப் பார்த்துத்தான் பேசுச்சு. "சார், ஒரே ஒரு பெட்டிய மட்டும் தொறந்து பாருங்க சார். நான் வேற ஒண்ணும் கேக்கல."

எனக்கு எரிச்சல் வந்துச்சு. உள்ள இருக்கற குப்பையைக் காட்டிட்டா சீக்கிரம் முடியும், சாயங்கால பஸ்ஸைப் புடிச்சிரலாம்னு நெனச்சு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பக்கவாட்டு மூடியக் கழட்டினேன். கழட்டினவன் அப்படியே நின்னுட்டேன்.

கடையில வாங்கற போர்டு, கம்பெனிக்காரன் பெட்டிக்குள்ள சரியா ஒக்காராதுங்க. ஓட்டைக்கும் போர்டுக்கும் நடுவுல இடைவெளி நிக்கும். அதுக்கு நான் சைக்கிள் டியூபை வட்டமா வெட்டி, வாஷராப் போட்டு முறுக்குவேன். யாரும் சொல்லிக் குடுக்கலை, நானாப் பழகிக்கிட்டது. வேற ஒருத்தன் அப்படிப் போட்டு நான் எங்கயும் பார்த்ததில்லை. அந்தப் பெட்டிக்குள்ள நாலு மூலையிலயும் கறுப்பா என் சைக்கிள் டியூப் உக்காந்திருந்துச்சு.

பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. அந்த ஐப்பசியில மண்ணு சரிஞ்சு ரோடு அடைக்கப் போகுதுன்னு ஜீப் டிரைவர் வெளிய ஹாரன் அடிச்சுட்டே இருந்தார். ஒரே நாள்ல ஏழு போர்டு மாத்தினேன். பையில இருந்த நோட்டு நனைஞ்சு கூழாட்டம் கெடந்துச்சு. பேனா எழுதலை. கீழ போய் எழுதிக்கலாம்னு ஜீப்புல ஏறிட்டேன். கீழ போய் வேற நோட்டு வாங்கினேன், மத்த எஸ்டேட் வேலையெல்லாம் எழுதினேன். இந்த ஏழை மறந்துட்டேன். அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதும்பாங்க. என் கை அன்னிக்கு எல்லாத்துக்குள்ளயும் போச்சு, நோட்டுக்குள்ள மட்டும் போகலை.

"என்னா? பழைய சாதனம்தானே?" அப்படின்னு மேனேஜர் கேட்டார்.

சொல்லியிருக்கோணும். அந்த ரூம்ல, அந்த நிமிசத்துல, அந்தப் பொண்ணு நின்னுட்டு இருக்கறப்பவே சொல்லியிருக்கோணும். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன் சார்" அப்படின்னேன். மூடிய மூடி வெச்சுட்டு வராந்தாவுக்குப் போயிட்டேன்.

மேனேஜர் பின்னாடியே வந்தார். அவர்கிட்ட மட்டும் சொன்னேன். போர்டு மாத்தினது நான்தானுங்க சார், எழுதறதுக்கு விட்டுப் போச்சுன்னேன். அவர் ஆபீஸ் கதவைச் சாத்தினார். அப்பறம் மெதுவாச் சொன்னார்: "உங்களுக்கு ரிட்டயர் ஆக நாலு மாசம்தானே இருக்கு? ஒண்ணும் பேசண்டா. சாட்சி போதாதுன்னு, சந்தேகத்தின் பலன்னு எழுதி நான் அந்தப் பெண்ணை விட்டுடறேன். அதுக்கு வேலை கிடைக்கும், உங்களுக்கு நிம்மதி. ப்ரஷ்னம் ஒண்ணும் வேண்டா."

சரிங்க சார்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட மறைக்கலைங்க, அப்படித்தான் சொன்னேன். சாயங்கால பஸ்ஸையும் புடிச்சேன்.

ஆர்டர் வந்தப்போ சஸ்பெண்ட் ஆகி இருபத்தாறு நாள். சந்தேகத்தின் பலன் குடுத்து மறுபடி வேலைக்கு எடுத்திருக்கறதா எழுதியிருந்தாங்க. சந்தேகம் இருக்கற ஆள்கிட்ட ஸ்டாக்கைக் குடுக்க முடியாதில்லைங்களா? அதனால ஆபீஸ்ல இருந்து தூக்கி, கொழுந்து நிறுக்கற ஷெட்டுல போட்டுட்டாங்க. குவார்ட்டர்ஸுக்கு அதுக்குள்ள வேற குடும்பம் வந்தாச்சு. எஸ்தரும் அம்மாவும் பழைய லயத்துக்கே திரும்பிட்டாங்க. இதெல்லாம் எனக்குக் காதுல விழுந்துச்சு. வேலை கிடைச்சுதில்ல, போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். தேறலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை, கோயில்ல ஜெபம் முடிச்சுட்டு வந்து எஸ்தர் எனக்குப் போன் பண்ணுச்சு.

"சார், எஸ்தர் பேசுதேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மூடியத் தொறந்தீகளே, உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"எதுக்கு அம்மிணி கேக்கறே?" அப்படின்னேன்.

"மேனேஜர் பெட்டியப் பாத்தாரு. நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அதான் கேக்கேன்."

மூணு வாரம் நான் எழுதின ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்காததை அந்தப் பொண்ணு ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருந்துச்சு. இதுக்கு மேல பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லைங்க. "என் சைக்கிள் டியூப் வாஷர் இருந்துச்சு அம்மிணி. ஏழு போர்டும் மாத்தினது நான்தான். எழுத மறந்துட்டேன். மேனேஜர் போன் பண்ணிக் கேட்டப்பவும் நான் இல்லேன்னுதான் சொன்னேன்."

அழுதுரும்னு நெனச்சேன். அழலை. "கேட்டுட்டுச் சொல்லிருக்கலாம்ல சார். நான் இங்கனதான இருந்தேன்" அப்படின்னு மட்டும் சொல்லுச்சு.

மறுநாள் திங்கக்கிழமை காலையில முதல் வேலையா ஒரு கடிதம் எழுதினேன். போர்டு மாத்தினது நான், எழுதாம விட்டது நான், நாட் அவர்ஸ்னு வார்த்தை போட்டது நான், எஸ்தர் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதி மேனேஜர் மேசையில வெச்சேன். அவர் மூஞ்சி செவந்து போச்சு. முடிஞ்ச கேஸை எதுக்குத் தோண்டறீங்கன்னார். வாங்கி ஃபைல்ல வெச்சுக்கறேன், ஆர்டரை மாத்த முடியாதுன்னார். எனக்கும் வாழ்க்கையில முதல் தடவையா ஆபீஸ்ல சத்தம் போடற அளவுக்குக் கோவம் வந்துச்சு. "சந்தேகம்னு எழுதினீங்களே சார், யார் செஞ்சதுன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க?"ன்னு கத்திட்டேன். பக்கத்து ரூம் டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாங்க. ஒரு மாசம் அலைஞ்சேன். கடைசியில, குற்றம் எதுவும் இல்லைன்னு திருத்தின ஆர்டர் வந்துச்சு. எனக்கு ஒரு மெமோவும் வந்துச்சு. ரெண்டும் ஒரே கவர்ல.

சந்தோசமா எஸ்தருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பொண்ணு கேட்டுட்டுச் சொல்லுச்சு: "நல்லது சார். திரும்ப ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாக. ஆனா பேப்பரு ஆபீஸ்ல கெடக்கும். எங்கம்மா நிக்கது மஸ்டர்ல. அங்க இன்னமும் பெட்டி வித்தவளோட ஆத்தான்னுதான் சொல்லுதாக. அதுக்கு யாரு சார் ஆர்டர் போடுவாக?"

மஸ்டர்னா காலையில வேலைக்கு ஏறும் முன்னாடி எல்லாத் தொழிலாளியையும் நிக்க வெச்சுப் பேர் கூப்பிடற இடம். யார் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போகோணும்னு அங்கதான் சொல்லுவாங்க. ஊர்ல பேசற பேச்செல்லாம் அங்கதான் பொறக்கும். ஊர் வாயை மூட உலை மூடி ஏது? இருந்தாலும் திறந்து வெச்சவன் நான்தானே. அந்த வாரமே மறுபடி பஸ் ஏறினேன். இந்தத் தடவை முதுகு வலிச்சதா இல்லையான்னு ஞாபகமில்லை.

எஸ்டேட் ஃபீல்ட் ஆபீசர்கிட்ட ரெண்டு நிமிசம் கேட்டு வாங்கினேன். காலை ஏழரை மணி, நல்ல மஞ்சு மூட்டம். இடுப்புல பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிட்டு, கையில கொழுந்து வெட்டற கத்திரியோட ஒரு எம்பது பேர் நின்னாங்க. எஸ்தரோட அம்மா ரெண்டாவது வரிசையில, ஓரமா. அவங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நிக்கற இடம் காலியா இருந்துச்சு. பேர் கூப்பிட்டு முடிச்சதும் நான் முன்னாடி போனேன். பேசிப் பழக்கமில்லைங்க எனக்கு.

"நான் கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்கறவனுங்க. எஸ்தர் எதையும் எடுக்கலை, எதையும் விக்கலை. இடி விழுந்த வருஷம் ஏழு பெட்டியிலயும் உள்ள இருக்கறதை மாத்தினவன் நான். எழுதி வெக்காம மறந்ததும் நான்தான். அது தெரியாம மெஷின் தப்பாக் காட்டிருச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

ஒருத்தர் ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. திரும்பலாம்னு பார்த்தேன். அந்தம்மா வரிசையை விட்டு முன்னாடி வந்துட்டாங்க. ஒல்லியான ஆள். என் மூஞ்சிக்கு நேரா நின்னாங்க.

"மெஷின்னு சொன்னீகளே. அதுக்கு எம் மவளைத் தெரியாது. அவ எப்பேர்ப்பட்ட புள்ளைன்னு அதுக்குத் தெரியாது, அது என்னத்தையோ காட்டிட்டுப் போகட்டும். உங்களுக்கு அவளைத் தெரியும்லா? எத்தனை வாட்டி அவ கையால டீ வாங்கிக் குடிச்சிருக்கீக. அவ சொன்னது பொய்யின்னு மேனேஜர்ட்டச் சொன்னது மெஷினா, நீங்களா?"

எஸ்தர் நிறுவை ஷெட்டுப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. எம்பது பேர் பார்த்துட்டு இருந்தாங்க.

"நான்தாம்மா" அப்படின்னேன்.

அந்தம்மா ஒரு தடவை தலையை ஆட்டினாங்க. "இத மொதல்ல சொல்லியிருக்கணும்" அப்படின்னுட்டு, கத்திரியை எடுத்துக்கிட்டு மத்தவங்களோட மேட்டுக் காட்டுக்கு ஏறிப் போயிட்டாங்க.